நான்தான் பேஷண்ட்

அவள் வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிட்டது.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவளை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. குனிந்து பெயரை எழுதினாள், பக்கத்தில் இருபது என்று வயதைப் போட்டாள், சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"உட்காரும்மா. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். உனக்குத்தான் தலையில காத்து பட்டா பிடிக்காதே."

தலையில் காற்று பட்டால் பிடிக்காது என்ற சங்கதி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி அவளுடைய அம்மா.

ஆக, அம்மா இங்கேயும் முந்திக்கொண்டுவிட்டாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் 'சின்னது'. அக்கா கல்யாணமாகிப் போய் நாலு வருஷமாகியும், வீட்டில் வேறு பெரியது யாரும் இல்லாதபோதும், அவள் சின்னதாகவே இருந்தாள். செருப்புக் கடையில் அவள் காலுக்கு எது கடிக்கிறது என்பதை அம்மாதான் சொல்வாள். டாக்டரிடம் போனாலும் அதே கதை. இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்த பழைய டாக்டர், ஒரு நாள் "நாக்கை நீட்டுங்க" என்றார். அம்மா நீட்டினாள். அவரும் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, சின்னதுக்கு இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

டானிக்குக்கும் அவளுடைய நோய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவள் நோயே வேறு.

முதலில் ரப்பர் கருகுகிற வாடை வரும். வேறு யாருக்கும் வராது, அவளுக்கு மட்டும். அப்புறம் நடுவில் கொஞ்ச நேரத்தை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வாடிக்கையாளரின் ஃபிரேமைக் கையில் வாங்கி மூக்குப் பட்டையை நிமிர்த்திக்கொண்டிருப்பாள். அடுத்த கணம் வாடிக்கையாளரைக் காணோம், மேஜையில் எட்டு ஃபிரேம்கள் நிறவாரியாக அடுக்கியிருக்கும், அடுக்கியது அவள்தான் என்று முதலாளி சொல்வார். ஒரு தடவை பஸ்ஸில் ஏறியவள், தன் வீட்டு வாசலில் இரண்டு தரைத் துடைப்பான்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவற்றை எங்கே வாங்கினாள், எதற்கு வாங்கினாள் என்று இன்றுவரை தெரியாது. இரண்டும் நல்ல துடைப்பான்கள் என்பதால் வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "சரியா சாப்பிட்டாத்தானே?" என்றாள் அம்மா.

அதனால் இந்த வாரம் ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய டாக்டர் வேண்டாம், கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் இந்தப் புது இடத்துக்குத் தனியாகப் போவது. தானே வாயைத் திறந்து சொல்வது. கடையில் இருக்கும் பதினோரு முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கும் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். 'டாக்டர், என் நேரம் காணாமப் போகுது.' அவ்வளவுதான். ஒரே வரி.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினாள். தெருமுனை வரை போனது தெரியும். அதற்கு மேல் தைரியம் கைவிட்டிருக்க வேண்டும். இரண்டரை மணிக்குக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை, புதன்கிழமையும் அதே கதை. கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு நேற்று இரவு அழுதாள். இன்று வியாழக்கிழமை. இன்று வாசற்படி ஏறிவிட்டாள், மேஜை வரை வந்துவிட்டாள்.

வந்தால் இப்படி.

அவள் வரவேற்புப் பெண்ணின் சீருடையை உற்றுப் பார்த்தாள். வெளிர்நீலம். காலர் ஓரத்தில் இரட்டைத் தையல், நூல் முடிச்சு உள்பக்கமாக மறைந்திருந்தது. சந்தேகமே வேண்டாம். அம்மா சீருடைத் தையல்காரி. இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம், பேங்க், கொரியர் ஆபீஸ் என்று யார் சீருடை போட்டாலும் அதில் பாதி அம்மாவின் மெஷினில் ஓடியது. சீருடை போட்டவர்கள் எல்லாம் அம்மாவின் ஒற்றர்கள்.

"எங்கம்மா போன் பண்ணாங்களா?"

"உங்கம்மா நம்பர்தான் எங்ககிட்ட இல்லையே," என்றாள் வரவேற்புப் பெண். பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தாள். "குடேன், எழுதிக்கிறேன்."

"எதுக்கு அம்மா நம்பர்? எனக்கு இருபது வயசு ஆச்சு. நான்தான் பேஷண்ட். என்ன கேட்கணுமோ என்கிட்டயே கேளுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒன்றைக் கவனித்தாள். வரவேற்புப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. இருபது வயசு, நான்தான் பேஷண்ட், என்கிட்டயே கேளுங்க. தெரிந்த பாட்டைக் கூடவே முணுமுணுப்பவள்போல, ஒரு சொல் பிசகாமல்.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

காத்திருக்கும் அறை சின்னது, சுத்தமானது, சுத்தம் என்பதைவிடச் சற்று அதிகமாகவே சுத்தமானது. டெட்டால் வாடை. சத்தம் என்று எடுத்துக்கொண்டால் சுவர்க் கடிகாரம் மட்டும்தான். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒரே மாதிரி, சாவு வீட்டில் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் கனிவாகத் தலையசைத்தார்கள். வலது காலில் முழங்கால் வரை கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உட்காரும்மா. உன் இடத்துல யாரையும் உட்கார விடல."

"என் இடமா?"

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவேற்பு மேஜைப் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். பட்டன் துளையின் ஓரம் நெருக்கமாக, பிசிறில்லாமல் கட்டப்பட்டிருந்தது. அம்மாவின் கைதான். கட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். எடை பார்க்கும் மெஷின் பக்கம் கூட்டிப்போனாள். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

"நான் இன்னும் ஏறவே இல்லையே."

"ஏறு, ஏறு. பார்த்துக்கலாம்."

ஏறினாள். முள் நாற்பத்தெட்டில் நின்றது. கண்ணால் பார்த்தே எடை சொல்வது யாருக்குச் சாத்தியம்? அம்மாவுக்குச் சாத்தியம். அம்மா தெருவில் போகிறவரைப் பார்த்து இடுப்பளவு சொல்வாள், அரை இஞ்ச் பிசகாது.

"வீட்டு நம்பர் ஒண்ணு குடேன்மா," என்றாள் நர்ஸ், ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே. "யாராவது ஒருத்தர் நம்பர் போதும்."

"தர மாட்டேன்."

"சரி, சரி. பதறாத."

நர்ஸ் வரவேற்புப் பெண்ணிடம் போனாள். இருவரும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் அந்த அறையில் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லையே.

"இப்ப ஒண்ணும் சொல்லாத," என்றாள் நர்ஸ். "சொன்னா ஓடிப் போயிடும்."

அவள் எழுந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நர்ஸ் ஓடிவரவில்லை, கத்தவில்லை. எப்படியோ அவளுக்கு முன்னால் வாசலில் வந்து நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் குளிர்ந்து கிடந்தன.

"இன்னைக்கு உன்னைப் பார்க்காம அனுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"நான் வருவேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றாள் நர்ஸ்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வித்தை உண்டு. தொல்லை பண்ணும் வாடிக்கையாளருக்கு எதையாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அவளும் அதையே செய்தாள். அம்மாவின் நம்பரைத் தராமல், கடை நம்பரைச் சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

வரவேற்புப் பெண் அந்த நிமிஷமே போனை எடுத்தாள். முதலாளியின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. அவர் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"என்னது, ஆஸ்பத்திரியா? மூணு நாளா மத்தியானம் ஆனா ஆளைக் காணோம், இன்னைக்கும் போயிட்டாளேன்னு பார்த்துக்கிட்டிருக்கேன். இருங்க, இருங்க, அவங்கம்மா தையல் கடை எதிர்லதான். கை தட்டினா வந்துடுவாங்க."

கை தட்டும் சத்தமும் கேட்டது.

கடையிலிருந்து இங்கே வர ஏழு நிமிஷம். அம்மா வேகமாக நடந்தால் ஐந்து. அதற்குள் டாக்டரின் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அடுத்தது கட்டுக்காரர்.

"ஐயா, உங்க சீட்டை எனக்குக் குடுப்பீங்களா? நான் முதல்ல போயிட்டு வந்துடறேன்."

"எடுத்துக்கோம்மா," என்றார் பெரியவர். "எனக்கென்ன அவசரம், கால் எங்கேயும் ஓடப் போறதில்ல." சீட்டைக் கொடுத்துவிட்டு, அவர் அவள் கையை ஒரு கணம் தட்டிக்கொடுத்தார். "தைரியமா பேசு. நல்லாத்தான் பேசற நீ."

எப்போது பேசினாள், யார் கேட்டார் என்று யோசிக்க நேரமில்லை. "அடுத்தது" என்று ஒரு குரல் வந்த கதவுக்குள் நுழைந்தாள்.

அது டாக்டரின் அறை இல்லை. கட்டுப் போடும் அறை. பெரியவர் தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு போகிறவர். அவருடைய சீட்டு அந்தக் கதவுக்குத்தான். உள்ளே ஒரு இளைஞன் சுருள் சுருளாகத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவளைப் பார்த்து அவன் தலையசைக்கவில்லை, கனிவாகப் புன்னகைக்கவில்லை. அந்தக் கட்டடத்திலேயே அவளைத் தெரியாத ஒரே ஆள் அவன்தான். அவளுக்கு அவனைப் பார்த்ததும் உயிர் வந்தது.

அவன் சீட்டில் நம்பரை மட்டும் பார்த்தான். ஸ்டூலைக் காட்டினான். "எந்தக் கால்?"

இது தப்பான அறை, என் காலுக்கு ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருபது வருஷப் பழக்கம் இருபது நிமிஷத்தில் போய்விடுமா? செருப்புக் கடையிலும் துணிக் கடையிலும் சொல்லிச் சொல்லிப் படிந்துபோன பதில் தானாக வந்து விழுந்தது.

"உங்களுக்கு எது வசதியோ அது."

அவன் வலது காலைத் தேர்ந்தெடுத்தான். புண்ணைத் தேடினான், கிடைக்கவில்லை. "நல்லா ஆறிடுச்சே," என்று மெச்சிக்கொண்டே பஞ்சு வைத்து, துணியைச் சுற்றி, முழங்கால் வரை வெள்ளைவெளேரென்று கட்டி, ஓரத்தில் ஒட்டினான். முதல் நாள் வேலை என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகவே சுற்றினான். அவள் நன்றி சொன்னாள்.

ஒரு காலை விறைப்பாக இழுத்துக்கொண்டு அவள் வெளியே வரவும், கழுத்தில் இஞ்ச் டேப்போடும், முந்தானையில் குத்திய மூன்று குண்டூசிகளோடும் அம்மா வாசலில் நுழையவும் சரியாக இருந்தது.

"சின்னது, காலுக்கு என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. இது வந்து..."

"நீ பேசாத. நான் பேசிக்கறேன்."

நர்ஸ் அம்மாவைப் பார்த்தாள். நர்ஸின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. வரவேற்புப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வழி விட்டார்கள், வரிசை மறந்து, ஒரு முணுமுணுப்பு இல்லாமல். டாக்டரின் கதவு தானாகத் திறந்ததுபோல் திறந்தது. நர்ஸ்தான் திறந்தாள்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மேஜை மேல் ஒரு ஃபைல் மூடியிருந்தது. "வாங்கம்மா, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார். சின்னதைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து.

அம்மாவுக்கு அது போதும்.

"அதை ஏன் கேட்கறீங்க, டாக்டர். இவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே வலது கால் கொஞ்சம் பலவீனம். நடக்க ஆரம்பிச்சதே லேட்டு. மழை வந்தா வலிக்கும், சொல்ல மாட்டா, நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவேன். பழைய டாக்டர்கூடச் சொன்னார், இரும்புச்சத்து எலும்புக்குள்ள இறங்கலன்னு..."

இல்லாத நோயை அம்மா இத்தனை விவரமாகச் சொல்வதைச் சின்னது கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கே ஒரு கணம் கால் வலிப்பதுபோல் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் நொண்டவே ஆரம்பித்துவிடுவாள்.

குனிந்தாள். ஒட்டியிருந்த ஓரத்தைப் பிய்த்தாள். கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். இரட்டைச் சுற்று, லேசில் முடியவில்லை. துணி தரையில் குவிந்துகொண்டே போனது. அம்மாவின் பேச்சு மெள்ள மெள்ளத் தேய்ந்து நின்றது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லாத கால் வெளியே வந்தது.

"அம்மா, காலுக்கு ஒண்ணும் இல்ல. நீ கொஞ்சம் பேசாம இரு. நான்தான் பேஷண்ட்."

அம்மா இருந்தாள்.

"டாக்டர், என் நேரம் காணாமப் போகுது."

சொல்லிவிட்டாள். சொன்னதும் மற்றதெல்லாம் கூடவே வந்தது. ரப்பர் கருகும் வாடை, நிறவாரியாக அடுக்கிய எட்டு ஃபிரேம்கள், பஸ், துடைப்பான்கள். போன மாசம் ஒரு நாள் ரோட்டின் நடுவில், இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருக்க, கண் விழித்ததுபோல் நின்றது. அதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சை நிறுத்தவில்லை. "எனக்குப் பயமா இருக்கு. எனக்குள்ள வேற யாரோ இருந்து, நான் இல்லாதப்ப என் கை காலை எல்லாம் எடுத்துக்கற மாதிரி இருக்கு. இது சாப்பாட்டுக் கோளாறு இல்ல."

டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை, குறுக்கே பேசவில்லை. பேனாவைத் தொடக்கூட இல்லை. அவர் கண்கள் பெரும்பாலும் அம்மாவின் முகத்திலேயே இருந்தன.

அம்மாவின் கை கழுத்திலிருந்த டேப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "ரோட்டு நடுவுலயா?" என்றாள். வேறு யாருடைய குரலோபோல் இருந்தது. "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னேம்மா. நீ டானிக் வாங்கிக் குடுத்த."

"அம்மா," என்றார் டாக்டர். "அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு இவங்களால சொல்ல முடியாது. பக்கத்துல இருந்து பார்த்தவங்கதான் சொல்லணும். நீங்க எப்பவாவது எதையாவது பார்த்திருக்கீங்களா? நினைக்கறதைச் சொல்ல வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

அம்மா வெகு நேரம் யோசித்தாள். அவள் இப்படி யோசித்துப் பேசிச் சின்னது பார்த்ததே இல்லை.

"அடுப்புக்கிட்ட நிப்பா," என்றாள் கடைசியில். "வாயில ஒண்ணும் இருக்காது, ஆனா மென்னுக்கிட்டே இருப்பா. இடது கை புடவை ஓரத்தைத் திருகிக்கிட்டே இருக்கும். கூப்பிட்டா திரும்ப மாட்டா. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசுவா, ஆனா அன்னைக்குப் பேசினது மறுநாள் கேட்டா தெரியாதும்பா. நான்..." அம்மா முந்தானையில் இருந்த குண்டூசி ஒன்றைப் பிடுங்கி மறுபடி அங்கேயே குத்தினாள். "நான் திமிர்னு நினைச்சேன், டாக்டர். ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்."

டாக்டர் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வேகமாக, விடாமல் எழுதினார். "இது மூளையில வர்ற ஒரு வகை வலிப்பு. கை கால் இழுக்காது, அதனால யாருக்கும் தெரியாது. ஸ்கேன் எடுக்கணும், மருந்து இருக்கு. பயப்பட வேண்டாம்."

அம்மா அழுதாள். சின்னதுக்கு அழுகை வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பேனாவை. அவள் பேசியபோது மூடியிருந்த ஃபைல், அம்மா பேசியதும் திறந்தது. மறுபடியும் அம்மா சொன்னதுதான் எழுத்தில் ஏறியது. இத்தனை பாடும் பட்டு, கட்டெல்லாம் அவிழ்த்து, கடைசியில் நாக்கை நீட்டியது அம்மாதான்.

வழக்கமாக இருந்தால் அதை விழுங்கிக்கொண்டு எழுந்திருப்பாள். இன்று வாய் மூட மறுத்தது.

"நான் அவ்வளவு சொன்னேனே, டாக்டர். ஒரு வார்த்தைகூட ஏன் எழுதல? அம்மா சொன்னாத்தான் எழுதுவீங்களா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் அருகில் வந்து, தூங்குகிற குழந்தையை எழுப்புகிறவள்போல் அவள் தோளில் கை வைத்தாள். ஃபைலின் முதல் பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீ சொன்னதெல்லாம் ஒரு வரி விடாம திங்கக்கிழமையே எழுதியாச்சும்மா, செவ்வாய்க்கிழமை வந்தும் சொன்ன, நேத்து வந்தும் சொன்ன, ஒவ்வொரு தடவையும் இப்பதான் முதல் தடவை வர்ற மாதிரியே வந்து சொன்ன."